நீ அக்கா என்று எழுதிய வசந்தி

ஜெனி,

பதினோரு நாளாக நீ ஒரு பெண்ணின் பதிலுக்குக் காத்திருக்கிறாய். வசந்தி என்ற பெயரில் உன் இணையப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்த பெண். "அக்கா, கட்டாயம் எதுவும் இல்ல, நீங்க நல்லா இருக்கீங்கன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க" என்று போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எழுதினாய். அதே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் உனக்கு ஃபோன் செய்தேன். "அம்மா, வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்றாய். ஃபோனை வைத்துவிட்டு, வசந்திக்கு நீ எழுதியதை எடுத்து மறுபடி படித்தேன். அப்போது எனக்குள் வந்தது என்ன என்பதை நேராகவே எழுதிவிடுகிறேன். பொறாமை. வசந்தி மேல் பொறாமை. இது எவ்வளவு கிறுக்குத்தனம் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் வசந்தி நான்தான்.

நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். சொல்ல வேண்டியது இது மட்டும் இல்லை. இன்னொன்று இருக்கிறது, அது இதைவிடக் கனமானது, அதற்கு வர எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். இந்தக் கடிதத்தை நீ உன் பக்கத்தில் முழுதாகப் போட வேண்டும் என்று எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் தெரியாதவர்களுக்காகச் சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள். சுகந்தி, அஞ்சலை இரண்டும் நான் மாற்றிய பெயர்கள். சுகந்தி படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே இதைப் போடு.

பேச்சுப் போட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஒருவர் கடலூரில் முப்பது வருஷத்துக்கு மேலாக வகுப்பு நடத்துகிறார். எல்லோரும் அவரை ஐயா என்றுதான் சொல்வார்கள். அவரிடம் படித்த உன் தோழி சுகந்தி, பதினான்கு வயதில் தனக்கு அங்கே நடந்ததை எழுதினாள். போன வருஷம் நீ அதை உன் பக்கத்தில் போட்டாய். அன்று மாலைக்குள் "எனக்கும்" என்று வந்தது. "எங்க அக்காவுக்கும்" என்று வந்தது. ஒரு வாரத்தில் அது அந்த ஒரு ஆளைப் பற்றிய பக்கமாக மட்டும் இருக்கவில்லை. குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் தினமும் நடப்பதை ஒரு நர்ஸ் எழுதினாள். கீரப்பாளையத்துப் பெண் ஒருத்தி தன் மேலாளரைப் பற்றி எழுதிவிட்டு, வேலையையும் விட்டுவிட்டதாக எழுதினாள். பட்டப்பகலில், சிலர் சொந்தப் படத்தோடும் எழுதினார்கள். எங்கள் காலத்தில் இதெல்லாம் கண்ணால் சொல்வதுதான். "அந்தாளு பக்கத்துல உக்காராத" என்று ஒருத்தி இன்னொருத்தியின் கையைக் கிள்ளுவாள். கிள்ளு வாங்கியவள் தப்பித்தாள். பக்கத்தில் கிள்ள ஆள் இல்லாதவள் போய் உட்கார்ந்தாள்.

உன் பக்கத்தைப் பற்றி நீ எனக்குச் சொல்லவில்லை. கடைக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் சொன்னாள். நான் மஞ்சக்குப்பத்தில், ஆபீஸ்களுக்கு எதிர்ச் சாரியில், ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு அடிக்கிறவள். இருபது வருஷமாக ஊரார் சொல்லச் சொல்ல அடிக்கிறேன். அனுப்புநர், பெறுநர், பொருள். ஒருத்தி அரை மணி நேரம் அழுது சொல்வதை "மேற்படி நபர் என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். அந்தப் பெண் வந்து ஃபோனை நீட்டி, "அக்கா, இதெல்லாம் பிரிண்ட் எடுத்துக் குடுங்க" என்றாள். சுகந்தி எழுதியது. மேலே இரண்டு வரி முன்னுரை. கீழே உன் பெயர். என் மகள் ஊருக்கே சொல்லியிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. பக்கங்கள் ஒவ்வொன்றாக மிஷினிலிருந்து சூடாக வந்து விழுந்தன. கடைக்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, யார் வேணா யாரப் பத்தி வேணா எழுதிப்புடலாமா? அப்புறம் போலீசு எதுக்கு, கோர்ட்டு எதுக்கு?" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "போலீசுக்குத்தான் சார் மூணாவது தடவ மனு அடிக்க வந்துருக்கேன்" என்றாள். கடையே சிரித்தது. கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

அன்று மதியமே ஒரு கணக்கு தொடங்கினேன். காலையில் ஒரு பட்டா மனுவில் வசந்தி என்று அடித்திருந்தேன், அந்தப் பெயரையே வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் படிக்க மட்டும் செய்தேன். உன் அப்பா, "எந்நேரமும் இன்னா ஃபோனு? ரம்மி கிம்மி ஆடுறியா?" என்று கேட்டார். பிறகு ஒரு நாள் உனக்கு எழுதினேன். "மேற்படி நபரிடம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நானும் பயிற்சி பெற்றேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." எனக்கு வந்த நடை அதுதான். அஞ்சு நிமிஷத்தில் உன் பதில் வந்தது. "அக்கா, மனு மாதிரி எழுதாதீங்க. எம் பக்கத்துல உக்காந்துருக்கீங்கன்னு நெனச்சிக்குங்க. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல, நான் எங்கயும் போவல." முதலில் சிரித்தேன். பிறகு திறந்த சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை, ஜெனி. எனக்கு உன்னிடமிருந்து வருவது "ம்". "சாப்ட்டேன்". ஒரு கட்டைவிரல்.

வசந்திக்கு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக நீதான் வரவழைத்தாய். அதைக் கேட்டுவிட்டு, "அக்கா, உங்க மேல தப்பே இல்ல" என்று எழுதினாய். அந்த வரியைப் பிரிண்ட் எடுத்து பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். அவள் சம்மதித்த பிறகு, அவள் சொன்னதையும் அந்தப் பெயரிலேயே உன் பக்கத்தில் போட்டாய். அதற்குப் பிறகு நான் எழுதியதில் பாதி, சும்மா உன்னோடு பேசுவதற்காக எழுதியது. இன்றைக்குத் தூக்கம் வரவில்லை என்பேன், என்ன செய்யலாம் என்று நீ சொல்வாய். நீ எந்தப் புத்தகம் படிக்கிறாய், எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும், உன் ஆபீஸில் யார் உன்னைப் படுத்துகிறார்கள், எல்லாம் வசந்திக்குத் தெரியும். உனக்கு ஒரு தடவை ஜுரம் வந்தது வசந்திக்கு முதலிலேயே தெரிந்தது. எனக்கு நாலு நாள் கழித்து, சரியான பிறகு சொன்னாய். அப்போதும் புதுசாகக் கேட்பவள் மாதிரி "ஐயையோ, மாத்திர போட்டியா?" என்று கேட்டேன்.

தை மாதம் நெத்திலித் தொக்கு எடுத்துக்கொண்டு சிதம்பரம் வந்தேனே, நினைவிருக்கிறதா? உன் அறையில் சுகந்தி இருந்தாள். உன் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க ஆன்ட்டி" என்றாள். நீ தண்ணீர் கொடுத்தாய், ஃபேனைக் கூட்டினாய், ஃபோனைப் பார்த்தாய். மறுபடியும் பார்த்தாய். "அப்படி இன்னாடி இருக்கு அதுல?" என்று கேட்டேன். "ஒரு அக்காம்மா. ரெண்டு நாளா ஒண்ணுமே எழுதல. எப்படி இருக்காங்கன்னு தெரியல" என்றாய். "எந்த அக்கா?" என்றேன். "உனக்குச் சொன்னாப் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டுத் தொக்கு டப்பாவைத் திறந்து சுகந்திக்கு முதலில் வைத்தாய். அந்த அக்கா இரண்டு நாளாக எழுதாததற்குக் காரணம் உனக்காக நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்ததுதான். உன் எதிரில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ தேடிய ஃபோன் என் பைக்குள், குடைக்கு அடியில் இருந்தது. திரும்பும்போது பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் எடுத்து, "நல்லா இருக்கேன்மா, கொஞ்சம் வேலை" என்று எழுதினேன். ஒரு இதயம் அனுப்பினாய். நான் உன் அறையில் இருந்த மூன்று மணி நேரத்தில் எனக்குக் கிடைக்காதது அது.

பதினாறு வயதில் நான் எப்படி இருந்தேன் என்று நீ கேட்டதில்லை. வேர்க்கடலை மடித்த காகிதத்தைக்கூடப் பிரித்து இரண்டு பக்கமும் படிக்கிற பெண்ணாக இருந்தேன். புதிதாக ஒரு சொல் கிடைத்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, அதைப் பேச்சில் எங்கே நுழைக்கலாம் என்று இரண்டு நாள் காத்திருப்பேன். பிளஸ் ஒன்னில் எங்கள் பள்ளியிலிருந்து என்னைத்தான் மாவட்டப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சனிக்கிழமை மதியம் ஐயாவின் மாடி வகுப்பு. அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். குரல் வயிற்றிலிருந்து வர வேண்டும், மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டுகிறேன் என்றார். மற்றப் பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டுக் காட்டினார். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். எழுத வேண்டிய இடத்தில் எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, "கெட்ட காரியத்துக்கு எடம் குடுத்துட்டேன் ஃபாதர்" என்று சொன்னேன். அவர் என்னவென்று நினைத்திருப்பாரோ. நான் சொன்னது அவ்வளவுதான். அவர் சொன்ன ஜெபங்களை முழந்தாளிட்டுச் சொல்லி முடித்தேன். அப்படித்தான் ஐயா செய்தது என் பாவக் கணக்கில் வந்து சேர்ந்தது. போட்டி அன்று தொண்டை கட்டிவிட்டது என்றேன். அதற்குப் பிறகு ஒரு மேடையிலும் ஏறவில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால்கூடக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிடுவேன்.

இது வரைக்கும் வசந்தி உனக்குச் சொல்லியிருக்கிறாள். இனிமேல் வருவதை அவள் சொல்லவில்லை.

நீ ஒன்பதாவது படிக்கும்போது அதே சனிக்கிழமை வகுப்புக்கு நோட்டீஸ் கொண்டுவந்தாய். ஐயாவே பள்ளிக்கு வந்து உன்னைக் கேட்டாராம். நான் அதை வாங்கிக் கிழித்தேன். "ஏன்?" என்றாய். "படிக்கிற வேலயப் பாரு" என்றேன். "டீச்சரே போவச் சொல்றாங்க, உனக்கு இன்னா?" என்றாய். "வேணாம்னா வேணாம்." நீ பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுவாயே, அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொன்னாய்: "உனக்குப் பொறாமம்மா. உன்னால முடியாதத நான் செய்றேன்னு பொறாம." உன்னை அறைந்தேன். உன்னை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். பயத்தால் தடுத்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான். ஆனால் நீ கண்ணாடி முன்னால் கையை உயர்த்தி, நான் நிறுத்துகிற இடத்திலேயே மூச்சை நிறுத்திப் பேசும்போது, கதவுக்குப் பின்னால் நின்று பார்த்த எனக்கு நெஞ்சு எரிந்தது. எனக்குக் கிடைக்காமல் போனது உனக்குக் கிடைக்கப்போகிறதே என்று எரிந்தது. பெற்ற பிள்ளை மேல் அப்படி வருமா என்றால், வரும். பயம் பெரியது, அதற்குள் இதுவும் சின்னதாக இருந்தது. நீ அறை வாங்கியது பொய் சொன்னதற்காக இல்லை.

நீ போகாததால் உன் இடம் சுகந்திக்குப் போனது.

சுகந்தியின் அம்மா அஞ்சலை தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையோடு வந்து நம் தெருவில் மீன் விற்பாள். நம் வீடுதான் அவளுக்கு முதல் வீடு. போணி நான் செய்தால் கூடை சீக்கிரம் காலியாகிறது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் வேறு யார் கூப்பிட்டாலும் நிற்காமல் நேராக நம் வாசலுக்கு வருவாள். போணி சமயத்தில் 'இல்லை', 'வேண்டாம்' என்ற சொற்களை யாரும் சொல்லக் கூடாது. விலை படியாவிட்டால்கூட "அப்புறம் எடுக்கறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். அன்று காலை கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாம்மா, ஒம் பொண்ணு அந்தப் பேச்சுக் கிளாசுக்குப் போவலியாமே? எம் பொண்ண வரச் சொல்லிக் கேக்குறாங்களாம். ஒரே குதியாக் குதிக்கிறா" என்றாள். நான் கானாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அங்க ஏதாச்சும் ஒரு மாதிரியா? நீ படிச்சவ. நீ சொல்லு, அனுப்பலாமா? நல்ல வார்த்தையாச் சொல்லு, இன்னும் போணி ஆவல" என்று சிரித்தாள்.

"நல்ல கிளாசுதான் அஞ்சல. இவளுக்குப் பரீட்சை, அதான். நீ தாராளமா அனுப்பு" என்றேன்.

அவள் போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூடையைத் தூக்கினாள். போணி நேரத்தில் எப்படி வேண்டாம் என்று சொல்வது, அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் என்னை ஏமாற்றிக்கொண்டேன். மறுநாளும் அவள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். தினமும் கூடை காலியாகித் திரும்பும்போதும் நம் வாசல் வழியாகத்தான் போனாள். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் ஒரு கேள்வி கேட்டிருப்பாள், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று. அந்த ஒரு கேள்வியைத் தவிர்ப்பதற்காக அவள் பிள்ளையை அனுப்பிவைத்தேன். சுகந்தி மாவட்டத்தில் இரண்டாம் பரிசு வாங்கிக் கோப்பையோடு நம் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது, அந்தக் கோப்பை உன் கையில் இருந்திருக்க வேண்டியது என்று. என்ன மாதிரிப் பெண் நான் என்று பார்த்துக்கொள். அடுத்த வருஷம் அஞ்சலை சொன்னாள், "இன்னான்னு தெரியலம்மா, பேச்சுக்குப் போவ மாட்டேங்குது. தொண்ட சரியில்லன்னுது." தொண்டை. நான் சொன்ன அதே காரணம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "பனங்கல்கண்டு குடு" என்றேன்.

சுகந்தி உன் பக்கத்தில் எழுதியதன் கடைசி வரி இது: "யாராவது ஒரு பெரியவங்க எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்." ஊரே அதைப் படித்தது. யாரோ ஒரு பெரியவர் என்று எல்லோரும் பொதுவாக நினைத்துக்கொண்டார்கள். அந்த ஆளை நான் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன். இதை மறைத்து வைத்துக்கொண்டுதான் வசந்தி உன்னிடம் "உங்க மேல தப்பே இல்ல" என்று வாங்கிக்கொண்டாள். பாதியைச் சொல்லி முழு மன்னிப்பை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நடந்ததைப் பொறுத்தவரை நீ சொன்னது சரி, அதை நான் நம்பத் தொடங்கியிருக்கிறேன். அது வேறு, இது வேறு. இந்த வேலையை நீ தொடர்ந்து செய்யப்போகிறாய் என்பதால் ஒன்று சொல்கிறேன். உன்னிடம் வருகிற பெண்ணை முழுதாக நம்பு, ஆனால் அவள் முழுதாகச் சொல்லிவிட்டாள் என்று நினைக்காதே. "இன்னும் ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேள். நீ கேட்டிருந்தால் நான் போன வருஷமே சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. சொல்லாமலும் போயிருப்பேன். ஆனாலும் கேள். வாரத்தில் ஒரு நாள் அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போ. உன்னைத் திட்டி எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதாதே, படம் எடுத்துத் தேதி போட்டு வை. இருபது வருஷம் மனு அடித்தவளாகச் சொல்கிறேன், தேதி இல்லாத அழுகையை எந்த ஆபீசிலும் யாரும் கையில் வாங்குவதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஐயாவின் பழைய மாணவர்கள். உன்மேல் புகார் கொடுக்க வேண்டும், அடித்துக் கொடுங்கள் என்றார்கள். கடைக்காரர் என்னைக் கைகாட்டினார். அவர்கள் சொன்னார்கள், நான் அடித்தேன். மதிப்பிற்குரிய ஆசிரியரின் பெயரைக் கெடுக்கும் நோக்கத்தோடு, இல்லாத ஆட்களின் பெயரில், குறிப்பாக வசந்தி என்ற போலிப் பெயரில். என் விரலாலேயே அடித்தேன், ஜெனி. பழக்கம் அப்படி. "இணைப்பு எத்தனை பக்கம் சார்?" என்று நானே ஞாபகப்படுத்தி அந்த வரியையும் சேர்த்தேன். "நல்லா அடிக்கிறாங்க" என்று ஒருவர் மெச்சிவிட்டுப் போனார். பிறகுதான் உனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதன் பிறகு நீ வசந்திக்கு எழுதினாய். "நீங்க இல்லவே இல்லன்னு சொல்றாங்க அக்கா. சுகந்தி சின்னப் பொண்ணு, ஏதோ கோவத்துல எழுதுறான்றாங்க. பழைய காலத்துலேர்ந்து ஒருத்தர் சொந்தப் பேர்ல வந்தா எல்லாமே மாறிடும்." பதினோரு நாள். பதில் எழுத எடுத்தபோதெல்லாம், நான் வந்தால் உனக்கு வசந்தி இருக்க மாட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. அவளை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அவள் மேல் எரிச்சலும் தீரவில்லை.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு அஞ்சலையிடம் போனேன். இப்போது அவள் கூடை தூக்குவது காலையில் மட்டும்தான். மதியத்தில் முதுநகர் மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் அரிந்து கொடுக்கிறாள். "இன்னாம்மா இந்நேரத்துல? நல்ல மீனெல்லாம் தீந்துடுச்சே" என்றாள். அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, பேச்சை வளர்க்காமல் சொன்னேன். என்னை என்ன செய்தார் என்பதைச் சொன்னேன். அந்தப் போணியைச் சொன்னேன். அவள் கை அரிவாள்மணை மேல் நின்றுவிட்டது.

"அப்ப உனுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் உன்னாண்ட கேட்டேன்."

"கேட்ட, அஞ்சல."

"ஒம் பொண்ண நிறுத்திக்கின. எம் பொண்ண அனுப்புன்ன."

நான் தலையை ஆட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னா அஞ்சல, யாரு அது?" என்று கேட்டாள். "பழைய கிராக்கி" என்றாள் அஞ்சலை. பிறகு மறுபடி அரிய ஆரம்பித்தாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். செதில் என் புடவையில் தெறித்துக்கொண்டே இருந்தது, நகர்ந்து உட்காரவில்லை. கடைசியில் நிமிராமலே, "என்னாண்ட சொல்லி இன்னா ஆவும்? எங்க சொல்லணுமோ அங்க போயி சொல்லு. அங்க நீ சொல்லிட்டன்னு எம் பொண்ணு வந்து சொல்லட்டும். அது வரைக்கும் ஒன் மூஞ்சிய நான் பாக்கல" என்றாள். புதன்கிழமையிலிருந்து நம் தெருவில் அவள் குரல் கேட்கவில்லை.

நேற்று என் புகாரை நானே அடித்தேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அனுப்புநர் இடத்தில் என் பெயரைப் போட்டேன். "மேற்படி நபர்" என்று கை தானாக அடித்தது. அழித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது, என்ன தலைப்பில் பேசப் பழகினேன் என்பது வரை எழுதினேன். கடைக்காரர் பின்னால் நின்று படித்தார். பிரிண்ட் எடுத்த பிறகு, "மூணு காப்பி எடுத்துக்கம்மா" என்றார். உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "இத்தன வருசம் கழிச்சி எதுக்கு?" என்றார். பிறகு அவரே, "பஸ்ஸுல போறியா, நான் வண்டியில வுடட்டுமா?" என்றார். உன் பக்கத்தின் வழக்கப்படி இந்தக் கடிதத்தில் என் பெயர் இருக்காது. புகாரில் இருக்கும். உன் அம்மா யார் என்று தெரிந்தவர்களுக்கு இது படித்த உடனே தெரிந்துவிடும், அதற்குத் தயாராக இருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மஞ்சக்குப்பத்தில் எஸ்.பி. ஆபீஸ் வாசலில் நிற்பேன். நீ வரலாம், வராமலும் இருக்கலாம். சுகந்தி உன்னோடு வந்தால் அவள் முகத்தைப் பார்த்து அவளிடமும் சொல்வேன். அவள் வரவில்லை என்றால், எங்கே வரச் சொல்கிறாளோ அங்கே போய்ச் சொல்வேன். வசந்தியின் கணக்கை இந்தக் கடிதத்தை அனுப்பியதும் மூடிவிடுவேன். அவளுக்கு நீ எழுதிய எதையும் இனி உன்னிடம் கேட்க மாட்டேன். அந்தக் கனிவு அவளுக்குக் கொடுத்தது, அவளோடு போகட்டும். இதைப் படித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும். அறை வாங்கிய கோபம், சுகந்தியின் கோபம், ஒரு வருஷம் ஏமாந்த கோபம் எல்லாம் சேர்ந்து வரும். அதையும் வசந்திக்கு எழுதிவிடாதே. உன்னிடமிருந்து அவள் வாங்கியது போதும். கோபத்தையாவது என் நம்பருக்கு அனுப்பு, எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, நான் எங்கேயும் போகவில்லை.

அம்மா